பட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடந்த ஏலம்

குருநகரில் மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் இரண்டாம் பூசை முடிந்ததும் விசுவாசிகள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பகுதி இறைச்சிக் கடைக்குப் போகும். மறு பகுதி லூர்த்தம்மா வீட்டு விறாந்தைக்குச் சீட்டு ஏலத்துக்குப் போகும். இரண்டு இடத்திலும் கத்தி உண்டு. பின்னதில் அது கண்ணுக்குத் தெரியாது.

சீட்டின் சட்டம் எளிது. இருபது பேர், ஆளுக்கு மாதம் இருபதாயிரம், ஆக நான்கு லட்சம். அதில் அதிக தொகையை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவருக்கு மிச்சப் பணம். விட்ட தொகை கழிவு. அதை இருபது பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆகவே அவசரம் இல்லாத எவரும் அவசரப்படுபவரை மனதார வாழ்த்துவார்.

அன்றைக்கு அவசரப்பட்டவள் பிரியந்தினி. பட்டணத்துத் தனியார் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞர். வார இறுதிகளில், கைத்தொலைபேசிக்குள் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் கல்வி நிர்வாக இளமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்புக்கு ஏழரை லட்சம். தாலிக்கொடி நீங்கலாக இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போனதில் ஐந்து லட்சம் கட்டியாயிற்று. கடைசி இரண்டரையை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். 'கல்வி முதலீடும் வருவாயும்' என்ற பாடத்தில் அவளுக்கு ஏ சித்தி. நாடுகளின் வருவாயையெல்லாம் தசமத்தானம் வரை கணித்தவள், தன்னுடையதை மட்டும் கணித்துப் பார்த்ததில்லை. பாடத்திட்டத்தில் அது இருக்கவில்லை.

ஒன்றரை லட்சம் வரை கழிவு கேட்கலாம். அதற்கு மேல் போனால் வாயில் மண். இந்தக் கணக்கோடுதான் கதிரையில் இருந்தாள்.

"ஒரு லட்சத்து நாப்பது," என்றாள்.

"நாப்பத்திரண்டு," என்றான் கனிசியஸ். மதிலோரம் தொலைபேசியைக் காதில் ஒட்டியபடி, வேறு ஒருவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொந்தமாகவும் ஒரு சீட்டு இருந்தது. ஆகவே தோழனுக்கு உதவும்போதே ஒவ்வோர் ஆயிரத்துக்கும் தன் பங்கு கூடுவதை அவனால் தவிர்க்க முடியவில்லை.

"நாப்பத்தைஞ்சு."

"நாப்பத்தெட்டு."

"நாப்பத்தொன்பது," என்றாள் பிரியந்தினி. மற்றவர்கள் அவளைப் பக்தியோடு பார்த்தார்கள்.

கனிசியஸின் தொலைபேசியில் காதுப் பக்கம் பழுது. ஒலிபெருக்கியில் போட்டால்தான் கேட்கும். போட்டான்.

"ஒண்டரை எண்டு சொல்லடா!" என்றது உள்ளே இருந்த குரல். "ஆரடா உதில எனக்குப் போட்டியா நிக்கிறது?"

"ஒரு பொம்பிளை மச்சான்," என்றான் கனிசியஸ். பெயரைச் சொன்னால் ஏலம் அங்கேயே நின்றுவிடும்.

"பொம்பிளைக்கு என்னத்துக்கடா இவ்வளவு காசு? கலியாண வீடோ?"

பிரியந்தினி எழுந்து போய்த் தொலைபேசியைப் பறித்தாள்.

"படிக்கிறதுக்கு," என்றாள்.

மறுமுனையில் அவளுடைய கணவன் கிறிஸ்ரோபர், "நீரோ?" என்றான்.

"ஓம். நான்தான்."

"சம்பளம் பிந்துது, பிந்துது எண்டு ஆறு மாசமா எனக்குக் கதை விட்டனீர்?"

"மீன் படேல்லை, மீன் படேல்லை எண்டு நீங்களும்தான் விட்டனியள்."

ஒரே வீட்டில் இரண்டு சீட்டு என்பது லூர்த்தம்மாவுக்கு முதல் மாதமே தெரியும். ஆனால் சீட்டுக்காரரின் இரகசியத்தை அவர் பாவசங்கீர்த்தனம் கேட்ட சுவாமியாரைப் போலக் காப்பவர். "குடும்பக் கதையை வீட்டை போய்க் கதையுங்கோ பிள்ளை," என்றார். "கனிசியின்ரை ஒண்டரை லட்சம், ஒருதரம்."

"விடும் பிரியா. எஞ்சின் செத்து ரெண்டு கிழமை. கரையில குந்திக்கொண்டிருக்கிறன்."

"நான் விட்டா, கட்டின அஞ்சு லட்சமும் போச்சு."

"படிச்சு முடிச்சா என்ன கூட்டித் தருவினம்?"

"மாசம் பன்னிரண்டாயிரம். பிரின்சிப்பல் மிஸ் சொன்னவ."

"சொன்னவவோ, எழுதித் தந்தவவோ?"

"ரெண்டாந்தரம்," என்றார் லூர்த்தம்மா.

பூசையில் வாங்கிய நற்கருணை நாக்கில் கரைந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. "எழுதித் தந்தவ," என்றாள் பிரியந்தினி.

"கனிசி, இனிக் கூட்டாதை, விடடா," என்றது குரல்.

"ஐம்பத்தொண்டு!" என்று கத்தினாள் அவள். கையில் வரப்போவதில் ஆயிரம் குறைந்தது. அதை மரக்கறியில் பிடித்துக்கொள்ளலாம். சீட்டு அவளுக்கு விழுந்தது. இன்னும் உயரும் என்று நம்பியிருந்த பெருமக்கள் மனமுடைந்து கலைந்தார்கள். ஏலம் முடிந்தது, பொய் மட்டும் அவளோடு வீடு வந்தது.

திங்கட்கிழமை காலை பாடசாலைக் கந்தோருக்குப் போனவள், முதல் வேலையாகத் தனக்குரிய கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து, அதிபர் மீனாம்பிகையின் மேசையில் வைத்தாள். பட்டம் பெற்றதும் மாதம் பன்னிரண்டாயிரம் கூட்டப்படும்.

அதிபர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "எழுத்தெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? நாங்கள் ஒரு குடும்பம் மாதிரியெல்லோ?"

"குடும்பத்துக்குள்ளதான் மிஸ் பொய் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன்."

"பிறகு பாப்பமே."

"வெள்ளிக்கிழமை காசு கட்டவேணும். நீங்கள் தாறேல்லை எண்டா நான் கட்டேல்லை. எஞ்சினுக்குக் குடுத்திடுவன்."

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று அதிபருக்கு விளங்கவில்லை. ஆனால் மாணவர் அனுமதிக் காலத்தில் இவள் மனமுடைந்து வேலையை விட்டு நின்றால் பள்ளி படுத்துவிடும் என்பது விளங்கியது. பேனையை எடுத்தார். பன்னிரண்டை வெட்டினார். எட்டு என்று எழுதினார். கையெழுத்திட்டார். பிரியந்தினி கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னேரம் கிறிஸ்ரோபர் செத்த எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினான். எட்டைப் பார்த்தான். அதற்கு மேலே பார்த்தான்.

"இண்டையத் திகதி போட்டிருக்கு."

கடிதத்தை அவள் பக்கம் நீட்டினான்.

"நேற்று எழுதித் தந்தவ எண்டீர்."

"நேற்றுத் தரேல்லை. இண்டைக்கு வாங்கினனான்." நின்ற நிலையிலேயே, ஏ சித்தி பெற்ற அந்தக் கணக்கை முதன்முறையாகத் தனக்காகச் செய்தாள். "ஏழரை லட்சம். மாசம் எட்டாயிரம். போட்ட காசு திரும்பி வர எட்டு வருசத்துக்குக் கிட்ட. அடகு வட்டி சேர்க்கேல்லை."

அவன் ஒரு திருகாணியை எடுத்தான், வைத்தான். நேற்று அவன் விட்டுக்கொடுத்தது பன்னிரண்டுக்கு.

"காசு இன்னும் கட்டேல்லை," என்றாள். "சொன்னால் நாளைக்கே உங்களிட்டைத் தாறன்."

அவன் எழுந்து சேட்டை மாட்டினான். "கனிசியின்ரை வள்ளத்தில கூலிக்குப் போறன். வாற மாசச் சீட்டு எனக்கு. நீர் அந்தப் பக்கமே வரப்படாது."

"ஓம்."

படலையில் நின்று திரும்பினான். "உந்தக் கடுதாசியை லமினேற் பண்ணி வையும். எட்டு வருசத்தில அந்தப் பிரின்சிப்பல் மனிசி எல்லாத்தையும் மறந்துபோகும்."