தண்ணீர் வார்ப்புப் படம்

பத்து வயதில் எங்கள் குடும்பத்தின் பெரிய படப்பிடிப்பாளர் நான்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

உண்மையில் அந்தப் பெயருக்கு உரியவன் அண்ணா. சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கமராவோடு, சனிக்கிழமைதோறும் துணுக்காயிலிருந்து முதல் பஸ் பிடித்து வவுனியாவுக்குப் படிக்கப் போனான். ஆறு மாதப் படிப்பு. வெளிச்சம் இவ்வளவென்றால் வேகம் இவ்வளவு என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தான். அப்பாவுக்கோ வயலுக்கு ஆள் வேண்டும். பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, வயதுக்கு வந்து அவளுக்குச் சாமத்திய வீடு வந்தபோது ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "இந்தப் படங்கள் நல்லா வந்தால் தொடர்ந்து படி. இல்லாட்டி வயலுக்கு வா."

அன்று காலை முற்றத்தில் அக்காவைப் பலகையில் இருத்தி, மாமா தலையில் பால் அறுகு வைத்தார். அண்ணா நேரத்தோடேயே வெளிச்சத்தை அளந்து வைத்துக்கொண்டு நின்றான். மாமா செம்பைத் தூக்கவும் வெயிலை ஒரு முகில் மறைத்தது. அண்ணா குனிந்து கமராவைத் திருகினான். நிமிர்ந்தபோது அக்கா நனைந்து முடிந்திருந்தாள்.

"மாமா, இன்னொருக்கா ஊத்துங்கோ," என்றான்.

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "உனக்கென்ன விசரே? தண்ணி வார்ப்பை ரெண்டு தரம் செய்யிறதோ? பிள்ளைக்கு ஆகாது!"

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் எடுத்தனான்!" என்று அம்மாவின் போனை உயர்த்திக் காட்டினேன். படம் சரிந்திருந்தது. கால்வாசியை மாமாவின் முழங்கை பிடித்திருந்தது. ஆனால் குளிர் தாங்காமல் கண்ணை இறுக்கிக்கொண்டு அக்கா சிரித்த சிரிப்பு அதில் இருந்தது. போன் கைமாறிக் கைமாறிப் பந்தலைச் சுற்றி வந்தது.

"மூண்டு மாசம் பஸ்ஸேறிப் படிச்சவனுக்கு ஏலாததை இவள் ஒரு விரலால செய்திட்டாள்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், எல்லோரையும்விடச் சத்தமாக.

பிறகு வந்த அல்பத்தில் முதல் பக்கம் என் படத்துக்குத்தான். அதில் சரிவு இல்லை, முழங்கையைக் காணவில்லை, இருண்டு கிடந்த அக்காவின் முகம் தெளிந்திருந்தது. அண்ணா இரண்டு நாள் கணினியின் முன்னால் எதற்கு இருந்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முகில் வந்ததும் வெளிச்சத்துக்கு ஏற்றபடி போன் தானாகவே செய்துகொண்ட அதே வேலையைத்தான் அன்று முற்றத்தில் அண்ணா கையால் செய்துகொண்டிருந்தான் என்பதும், வளர்ந்து நானும் கமரா படித்த பிறகே தெரிந்தது. படம் இன்றும் பெரியம்மா வீட்டு ஹோலில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் நான் எடுத்தது என்றே சொல்கிறார்கள்.

சாமத்திய வீடு முடிந்த அடுத்த சனிக்கிழமை, வவுனியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அண்ணா மண்வெட்டியோடு வரம்பில் நின்றான்.

"அண்ணா, இண்டைக்கு வகுப்பில்லையோ?"

"படிச்சு முடிஞ்சுது."

ஆறு மாதப் படிப்பை மூன்றே மாதத்தில் முடித்துவிட்டானே! எனக்குப் பெரிய சந்தோசம். ஓடிப்போய் அப்பாவிடமும் சொன்னேன்.