நூலில் கட்டிய வெட்டுக்கிளி

ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி மலையேறி வந்த ஓம்பிரகாஷுக்கு வயது முப்பத்தாறு. சோளக்காடு என்ற மலையூரில் அரசு எழுத்தர். மலைக்கு வருகிறவர்கள் மிளகும் பலாப்பழமும் வாங்குவார்கள். அவர் கும்பிடுபூச்சி வளர்த்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், அது பேசாது என்றார்.

கும்பிடுபூச்சி வளர வேண்டுமென்றால் தோலை உரித்தாக வேண்டும். தலைகீழாகத் தொங்கி, பழைய தோலிலிருந்து வழுக்கி இறங்கும். முதல் பூச்சியை பிஸ்கட் டப்பாவில் வைத்தார். மூடி வழவழவென்று இருந்ததால் பாதி உரியும்போதே விழுந்து செத்தது. இரண்டாவதை, தீனிக்காகப் போட்ட வெட்டுக்கிளியே தோலுரிக்கும் நேரம் பார்த்துக் கடித்துவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தை வெளியில் சொல்லவும் முடியவில்லை.

மூன்றாவதற்கு உயரமான பிளாஸ்டிக் துணிக்கூடை வாங்கி, பிடித்துத் தொங்குவதற்கு உள்ளே கொசுவலை தைத்தார். இறக்கை விரியப்போகும் கடைசி உரிப்பு. இதுவும் போனால் இனி வளர்ப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டார். நான்கு நாளாகப் பூச்சி தின்னவில்லை. அவரும் தீனி போடவில்லை.

தினமும் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தாயியிடம் கொடுத்துவிட்டுப் போவார், குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைக்க. அத்தாயி மரவள்ளி போடுகிறவர். வாசலுக்கு வந்த நாயைக்கூடப் பட்டினியாக அனுப்ப மாட்டார்.

அன்று மாலை வந்து பார்த்தால், பூச்சி பாதித் தோலோடு தொங்குகிறது. அடியில் ஒரு கொழுத்த வெட்டுக்கிளி. கூடையைத் தொட்டால் பூச்சி விழும். தொடாவிட்டால் வெட்டுக்கிளி மேலே ஏறும். ஓம்பிரகாஷ் அத்தாயியை உள்ளே கூப்பிட்டார்.

"அக்கா, இதை யாரு போட்டது?"

"நாந்தானுங்க சார். நாலு நாளாப் பட்டினி போட்டிருக்கீங்க. பாவமா இருந்துச்சு."

"ஏறிப் போயிக் கடிச்சுருமுங்க."

"எப்படிங்க ஏறும்? கால்ல நூல் போட்டுக் கட்டியிருக்கறனில்ல. வெள்ளாமை நிக்கறப்ப ஆட்டையே அவுத்து உடமாட்டோம்."

குனிந்து பார்த்தார். வெட்டுக்கிளியின் பின்னங்காலில் கறுப்பு நூல். மறுமுனை கூடையின் அடி ஓட்டையில். விரல் நீளத்துக்கு மேல் அதனால் நகர முடியவில்லை. திட்டுவதற்காகத் திரட்டி வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, அத்தாயிக்கும் இடம் விட்டு நகர்ந்தார்.

இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். தோல் கழன்றது. பூச்சி மேலேறி வலையைப் பிடித்துக்கொள்ள, கசங்கிய இறக்கைகள் மெல்ல நீண்டன. ஓம்பிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பத் திங்குமுங்களா?"

"இல்லீங்க்கா. உடம்பு இறுக ரெண்டு மூணு நாளாகும்."

"அதுவரைக்கும் இது எங்கூட்டுல இருக்கட்டுமுங்க" என்று நூலை அவிழ்த்து, வெட்டுக்கிளியோடு கிளம்பினார் அத்தாயி.

மறுநாள் காலை சாவியைக் கொடுக்கும்போது ஓம்பிரகாஷ் தண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். வெட்டுக்கிளிக்குப் புல் போட்டாச்சா என்று மட்டும் கேட்டார்.