மாமனாரை வெட்டிய மாப்பிள்ளை

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கத்திரி என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். மதியப் படத்தை விளம்பரங்களோடு சேர்த்து, கொடுத்த நேரத்துக்குள் திணிப்பதுதான் அவர் பிழைப்பு. சனங்கள் காசு கொடுக்காமல் பார்க்கிற சேனல் அது. விளம்பரம்தான் சோறு போடுகிறது, அதைத் தொட முடியுமா? படத்தைத்தான் நறுக்க வேண்டும். நாயகன் மாடிப்படி ஏறுகிறானா, வெட்டு. நாயகி பெருமூச்சு விடுகிறாளா, வெட்டு. வெட்டியது யாருக்கும் தெரியாது. அதில் மனுஷன் கில்லாடி.

அவர்கள் பழைய படம் வாங்குகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்லதாக ஒரு படம் கேட்டால், விற்கிறவர் ஊசிப்போன எட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார். "மொத்தமா எடுத்தாத்தான் சார், பிரிச்சுத் தர்றதில்ல" என்பார். அப்படி வந்து விழுந்தது ஒரு கொலைப் படம். மூன்று தடவை ஒளிபரப்பலாம், அதோடு உரிமை தீர்ந்தது என்று ஒப்பந்தம். தியேட்டருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அந்தப் படத்தில்தான், கிரகசாரம், கத்திரியின் மாமனார் நடித்திருந்தார்.

லிஃப்ட்காரர் வேஷம். துப்பறிகிறவர் லிஃப்டில் ஏறுவார். "எந்த மாடிங்க?" என்று கேட்பார் மாமனார். லிஃப்ட் ஆடி அசைந்து மேலே போகும். கேமராவைப் பார்க்காதேய்யா என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்தியும், கேமராவைப் பார்த்தே ஒரு இளிப்பு. அவ்வளவுதான் வேஷம். அதை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து அவர் நடிகர்! மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற அதே அடுக்குமாடியில்தான் அவரும் இருந்தார். அங்கே ஒரு ஜீவன்கூட அவர் சொன்னதை நம்பவில்லை.

முதல் தடவை படம் போட்டபோது அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டிவைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். திரையில் துப்பறிகிறவர் கட்டட வாசலில் நின்றார், அடுத்த நொடி மேல்மாடியில் நின்றார். லிஃப்டையும் காணோம், மாமனாரையும் காணோம். வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, படம் முடியுமுன்னே கிளம்பினார்கள்.

அந்தத் தடவை, கதைக்கு வேண்டாத காட்சி, இளவயசு மாமனாரை அடையாளம் தெரியாமல், யாரோ ஒரு மீசைக்காரன் என்று நினைத்துத்தான் கத்திரி வெட்டினார். இரண்டாம் தடவை தெரிந்தே வெட்டினார், மேனேஜருக்குப் பயந்து.

"எவன்யா அவன்? அவன் கை விளங்குமா?" என்று மாமனார் சாபம் விட்டார். ஆபீசில் கணக்கு எழுதுவதாக அவரிடம் சொல்லிவைத்திருந்த கத்திரி, தட்டிலிருந்து தலை தூக்காமல், "ஆமா மாமா, கூறுகெட்ட பயலா இருப்பான்" என்று ஒத்து ஊதினார்.

மூன்றாம் தடவை வந்தது. மனைவி வாசலை மறித்தாள். "ஏங்க, இதுதான் கடைசி. இதுலயும் எங்கப்பா வரலேன்னா அவரு மனசு ஒடஞ்சு போயிடுவாரு. அப்புறம் ஒங்க வேலை என்னன்னு நானே சொல்லிடுவேன், பாத்துக்குங்க."

நிலையத்தில் மேனேஜர் காத்திருந்தார். "யோவ் கத்திரி, சோப்பு விளம்பரம் ஒண்ணு கூட வந்திருக்கு. எடம் பண்ணு."

"பாட்டுல கொஞ்சம் எடுத்துடட்டுமா சார்?"

"பாட்டுல கை வச்சே, தொலைச்சுடுவேன்."

மற்றதெல்லாம் ஏற்கெனவே எலும்பு தெரிய நறுக்கியாயிற்று. மிச்சம் இரண்டுதான். ஒன்று மாமனாரின் லிஃப்ட். மற்றது அதை ஒட்டி வருகிற பேச்சு, கொலைகாரன் யார் என்று துப்பறிகிறவர் விளக்குகிற இடம். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்திருந்தார்கள். எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். கத்திரி தலையைச் சொறிந்தார். 'அரதப் பழசு படம், கொலைகாரன் யாருன்னு தெரியாதவனா பாக்கப் போறான்?' என்று பேச்சை வெட்டி எறிந்தார். அட புத்திசாலியே! அந்தப் படத்தை முடிவு வரைக்கும் பார்த்தவன்தான் எவனும் இல்லையே!

மாமனார் வந்தார். "எந்த மாடிங்க?" என்றார், இளித்தார். அடுத்த காட்சியில், முகத்தில் துணி மூடிய கொலைகாரனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. சுபம்.

ஊரே முடிவு கட்டிவிட்டது, லிஃப்ட்காரன்தான் கொலைகாரன் என்று. "அந்தச் சிரிப்பைப் பாத்தப்பவே நெனச்சேன்!" என்று நிலையத்துக்குப் போன் மேல் போன். முடிவையே வெட்டிட்டானே என்று காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்த மேனேஜர், "இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவே இல்ல சார்" என்று நாலு பேர் சொன்னதும் கப்சிப். உடனே மறுபடி போட ஆசைப்பட்டார். உரிமைதான் தீர்ந்துவிட்டதே! விற்றவர் விலையை இரண்டு மடங்காக்கினார்.

எதிர்வீட்டம்மா மாமனாரைக் கண்டதும், "ஆத்தாடி, இவருகூடவா இத்தனை நாள் லிஃப்ட்ல வந்தேன்!" என்று படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் மாமனாரும் மாப்பிள்ளையுமாகக் கீழே லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது.

"மாப்ள, இந்தத் தடவை படத்தை வெட்டினவன் கலைஞன்யா! டைரக்டருக்கே தெரியாததைக் கண்டுபிடிச்சிருக்கான். அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

கத்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லையே! வாய் சும்மா இருக்குமா?

"நான்தான் மாமா அது. அங்க வெட்டுறதெல்லாம் நான்தான்."

மாமனார் அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பிறகு, கையை விடாமலே, ஏதோ யோசித்தார்.

"எல்லாமேவா?"

"ஆமா மாமா."

"அப்ப அந்த முதல் ரெண்டு தடவை?"

கத்திரி கதவைப் பார்த்தார். கதவு மூடித்தான் இருந்தது. மாமனார் பொத்தான் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, திரும்பி, அதே இளிப்பு இளித்தார்.

"எந்த மாடிங்க, மாப்ள?"