மலையம்மனின் மஞ்சள்காப்பு

சண்முகத்தாய்க்கும் மலைமேல் இருக்கும் அம்மனுக்கும் தினமும் சண்டைதான். பூசாரியாக இருந்த புருஷன் போய்ச் சேர்ந்தபின் பூசை அவள் கைக்கு வந்தது. மூச்சு வாங்க ஏறிப்போய், "ஏளா, ஒனக்கு விளக்கேத்தியே எம் முட்டு தேயுது" என்று வைதுவிட்டுத்தான் திரியைத் தூண்டுவாள். ஊரில் அவள் மனசுவிட்டுப் பேசிய ஒரே ஆள் அம்மன்தான்.

அடிவாரத்துப் பாறையில் சமணர் சிலைகள் வரிசையாக உண்டு. சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து, தலைக்குமேல் அடுக்காக மூன்று குடையோடு உட்கார்ந்திருப்பார்கள். உடுத்திய துணியைக்கூட வேண்டாமென்று விட்டவர்கள் என்று தொல்லியல் துறைக்காரர் ஒருவர் சொன்னார். பாவம், பெற்றவள் என்ன பாடுபட்டாளோ என்று நினைத்துக்கொண்டாள் சண்முகத்தாய். அவர்களுக்கும் அம்மனுக்கும் சம்பந்தம் இருக்குமென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அம்மனுக்கு மஞ்சள்காப்பு. பழைய மஞ்சளைக் கல் தெரியக் கழுவக்கூடாது, அதன்மேலேயே புதுசை அப்பி முகம் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மகன் சுடலைக்கண்ணன் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போயிருந்த நேரத்தில் கடலில் புயல் என்றார்கள். தோணியிலிருந்து தகவலே இல்லை. சண்முகத்தாய் பதறிப்போனாள். ஆத்தாளை அழுக்கோடு வைத்திருக்கிறோம், அதுதான் குறை என்று அவள் புத்திக்குப் பட்டது. திரையை இழுத்துவிட்டு, சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மஞ்சள் கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

மார்பு தட்டையாக இருந்தது. மடியில் கைமேல் கை. தலைக்குமேல் மூன்று குடை.

இத்தனை வருஷமும் ஒரு துறவியையா ஏசினோம், அவருக்கா சேலை கட்டினோம் என்று அவளுக்கு உடம்பே கூசியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. எல்லாவற்றையும் விட்டுப் போனவர் ஒருத்தி பிள்ளைக்காக ஏன் மெனக்கெடப் போகிறார்? அம்மனென்றால் சண்டை போட்டாவது கேட்கலாம்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியல, சாமி. எனக்கு வேற போக்கிடம் இல்ல. எம் பிள்ளையப் பாத்துக்கிடுங்க."

அவசர அவசரமாக மஞ்சளை அரைத்து அப்பினாள். கன்னம் கோணிக்கொண்டது, பழைய முகம் வரவே இல்லை. கும்பிட வந்த பெண்கள் ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். சண்முகத்தாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தினமும் ஏறினாள், விளக்கேற்றினாள். வைவதற்கு மட்டும் நாக்கு எழவில்லை.

ஒருவழியாக மாலத்தீவிலிருந்து போன் வந்தது. தோணி கவிழப் பார்த்ததையும், சரக்கில் பாதியைக் கடலில் தள்ளித் தப்பித்ததையும் சொல்லி மகன் அழுதான். அவளும் அழுதாள்.

"ஆத்தாதாம்மா காப்பாத்துனா. அவளுக்குப் பட்டுச்சேலை சாத்துதேன்னு நேந்திருக்கேன். என்ன கலர் எடுக்கட்டும்?"

பிள்ளை உயிரோடு பேசும்போது எந்தத் தாய்தான் மறுத்துச் சொல்வாள்? அரக்கு நிறத்தில் எடுக்கச் சொன்னாள். போனை வைத்ததும் மலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இந்த ஒரு தடவ கட்டிக்கிடுங்க, சாமி. பிள்ள ஆசப்படுதான்."