மூன்றாவது பிரேக்

தங்கையின் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் அவளுடைய காலடியில். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் அதிசயம் எதுவும் கிடையாது. அந்த இரண்டாவது பிரேக்கை அவள் என்ன செய்தாள் என்பதுதான் அதிசயம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில வகுப்புகளில் அவள் கால் அந்தப் பிரேக்கை விட்டு நகராது. கை படிந்து, பயம் தெளிந்து, வண்டி ஒரு சீராக ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்குவாள். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொள்வாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஓட்டுகிறவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிடுவார், அவ்வளவுதான், முதுகு நிமிர்ந்துவிடும். "மேடம் இன்னைக்குக் காலை மடக்கிட்டாங்க!" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். உரிமம் கையில் கிடைத்த அன்றுகூட அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

அண்ணன் இதை முதல்முறை பார்த்தபோது பதறிப்போனார். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓடுகிற வண்டியில் கால் பிரேக்கை விட்டு நகர்வதென்றால், கொதிக்கிற எண்ணெய்ப் பக்கத்தில் குழந்தையை விட்டுவிட்டுக் கதை பேசப் போவது மாதிரி.

"ஏய் வாலு, உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் வாலுதான்.

"அண்ணா, என் கால் கீழ இருக்கற வரைக்கும் அவங்க என் காலை நம்பித்தான் ஓட்டுவாங்க. அவங்க காலை எப்ப நம்பறது?"

அண்ணனுக்கு எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. சிக்னல் பச்சையாகும் முன்பே ஹாரனை அமுக்குகிறவர்கள், திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டர் போடுகிறவர்கள், கண்ணாடியில் பொம்மையைத் தொங்கவிடுகிறவர்கள், இருக்கையைக் கட்டில் மாதிரி சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள், ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசுகிறவர்கள், டீ கிளாஸைக் கார் கூரை மேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடுகிறவர்கள் என்று எல்லோரும் அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் தங்கையின் பள்ளி முன்னறையில் வந்து உட்காரத் தொடங்கினார். கார்களைத் திட்டியது போதாதென்று ஆட்களையும் திட்டத் தொடங்கினார்.

தலைக்கு நீலச் சாயம் அடித்த பையன் ஒருவன் வந்தான். கல்யாணம் ஆகாமலே ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவர் சேர்ந்து வந்து, ஒரே நேரத்தில் வகுப்பு வேண்டும் என்றார்கள். ஒரு கணவன், மனைவி ஓட்டப் பழகும்போது பின் இருக்கையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டே போனான்.

"உலகம் எங்க போகுதுன்னே தெரியல" என்றார் அண்ணன்.

"ரெண்டாவது கியர்லதான் போகுது, பயப்படாதே" என்றாள் தங்கை. "கார் ஓட்டறதுக்குத் தலைமுடி எதுக்குண்ணா? கையும் காலும் இருந்தா போதாதா?"

அவள் இப்படிப் பொறுமையாக இருப்பதற்கு ஒரு பின்கதை உண்டு. அவள் பள்ளி தொடங்கிய புதிதில் மகளைச் சேர்க்க வரும் அப்பாக்கள் வாசலில் நின்றபடியே, "சார் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். "சார் டீ குடிக்கப் போயிருக்காரு, அவர் வர்ற வரைக்கும் நான் ஒரு ரவுண்டு காட்டிட்டு வரேன்" என்பாள். ரவுண்டு முடிந்து திரும்பும்போது அப்பாவுக்கு சார் ஞாபகமே இருக்காது. அந்த அப்பாக்களில் பலர் பிறகு தாங்களே கற்றுக்கொள்ள வந்தார்கள். யாரையும் அவள் குத்திக் காட்டியதில்லை. 'முன்னால போறது பொம்பளை ஓட்டற வண்டியாத்தான் இருக்கும்' என்று ஒரு காலத்தில் அண்ணனே நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பேச்சு எப்போது தன் வாயை விட்டுப் போனது என்று அவருக்கே தெரியாது. இப்போது உறவுக்காரர் யாராவது, "தங்கச்சி இப்படித் தனியாவே இருந்துட்டாளே" என்று இழுத்தால், "ஏன், உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணனின் கண்ணில் கோளாறு வந்தது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகைக்கறை. ஓரங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஓரப் பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய சிறிய கார் வீட்டு முன்னால் உறை போர்த்தி நின்றது. வித்துவிடலாம் என்றார் அண்ணன். அப்போதுதான் அவர் மனைவி, சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"விக்க வேண்டாங்க. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"எத்தனை வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன். ஒரு தடவை அந்தப் பக்கம் உக்காந்து பாக்கணும். ஒரே ஒரு டெஸ்ட். பாஸ் ஆகலைன்னா நீங்க சொன்ன மாதிரி வித்துடலாம். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான் என்பதும் அவருக்கு உறைத்தது.

தங்கை அண்ணியைச் சேர்த்துக்கொண்டாள். அண்ணனும் கூட வருவேன் என்று அடம்பிடித்தார். "வா. ஆனா வாயைத் திறந்தா நடு ரோட்டுல இறக்கி விட்டுடுவேன்" என்றாள். அவர் அண்ணிக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். அவ்வளவு வாய் உள்ள மனிதர் எப்படித்தான் அடக்கினாரோ, சொன்ன சொல் தவறவில்லை.

அண்ணி ஓட்டியதைப் பார்த்துத் தங்கையே அசந்துபோனாள். கியர் மாற்றத் தடுமாறினாள், திருப்பத்தில் அகலமாகப் போனாள், எல்லோரும் செய்கிற தப்புதான். ஆனால் பிரேக்? பழம் தின்று கொட்டை போட்ட ஓட்டுநர் மாதிரி! குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால், முன்னால் போகிற வண்டி சுணங்கினால், சரியான இடத்தில் சரியான அழுத்தத்தில் கார் தணிந்து நின்றது. "அண்ணி, இது உங்க ரத்தத்துலயே இருக்கு" என்றாள் தங்கை. வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டாள். அன்று முழுக்க அண்ணியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

டெஸ்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அண்ணனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். வெளிச்சம் கூசியதால் அவர் வீட்டில் படுத்துவிட்டார். அண்ணியும் நாத்தனாரும் மட்டும் கிளம்பினார்கள். கடைத்தெருவில் முன்னால் போன ரொட்டி வண்டி நின்றது. அண்ணி நிறுத்தவில்லை. தங்கை மடக்கிய காலை இறக்குவதற்குள் நேரம் போய்விடும் என்று கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தாள். ரொட்டி வண்டியின் பின்கதவில் எழுதியிருந்த எழுத்துகள் கண்ணாடி முழுக்க வந்து நின்றன. இடிக்கவில்லை. ஆனால் அண்ணி இறங்கி இடம் மாறிக்கொண்டாள், வீடு வரை தங்கைதான் ஓட்டி வந்தாள்.

"வேண்டாங்க, வித்துடுங்க" என்றாள் வந்ததும் வராததுமாக. "எனக்கு எப்ப அமுக்கணும்னே தெரியல. இத்தனை நாளா எப்படி ஓட்டினேன்னும் தெரியல."

தங்கை கூடத்தின் நடுவில் நின்று யோசித்தாள். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

"அண்ணி, நீங்க இங்க. அண்ணா, நீ அவங்க பின்னாடி."

"என்னடி, நாடகமா?"

"உக்காரு. கண்ணை மூடிக்கோ, எப்படியும் கூசுதுல்ல. அண்ணி, நீங்களும் மூடிக்கோங்க. இப்ப நாம கடைத்தெருவுல போறோம். கூட்டம் இல்ல. மூணாவது கியர். முன்னால ஒரு லாரி போகுது... போகுது... ஐயோ, நாய்!"

அண்ணனின் முழங்கால் அண்ணியின் நாற்காலி முதுகில் டொக்கென்று இடித்தது. அது பட்ட பிறகுதான் அண்ணியின் கால் தரையை அழுத்தியது.

தங்கை இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். தன் கால் நாற்காலியில் முட்டுக்கொடுத்து நிற்பதை அவரும் கண்டார்.

"நான் ஒண்ணும் பேசலையே!" என்றார்.

"நீ எங்க பேசினே? உன் கால்தான் பேசிச்சு! இவங்க முதுகுல கேட்டாங்க!"

அண்ணிக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. "யாரோ முதுகுல கை வெச்சுச் சொல்ற மாதிரிதான் இருக்கும். அது பயத்துல வர்றதுன்னு நினைச்சேன்" என்றாள். சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அண்ணனுக்கும் அப்போதுதான் புரிந்தது. காரில் மூன்றாவதாக ஒரு பிரேக் இருந்திருக்கிறது, அது தன் முழங்கால். கண் பாதி, காது பாதி, முப்பது வருடப் பழக்கம் மீதி என்று அது பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. டெஸ்டில் இன்ஸ்பெக்டரைத் தவிர வேறு யாரும் காரில் இருக்க முடியாது. "இனிமே நான் வரலம்மா" என்றார்.

"வரணும்" என்றாள் தங்கை. "நீ வராம அண்ணி கத்துக்கிட்டா, நீ ஏறின அன்னைக்கு மறுபடி ஆரம்பிச்சுடும். ஆனா இனிமே நீ என் பின்னாடி உக்காரு. எவ்வளவு வேணும்னாலும் உதை. என் முதுகு தாங்கும்."

அண்ணன் இருக்கை மாறினார். தங்கை காலைக் கீழே இறக்கி, முதல் வகுப்பு மாதிரி மீண்டும் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள். முதல் நாள் அண்ணி ஊர்ந்துதான் ஓட்டினாள். அண்ணனின் முழங்கால் தங்கையின் இருக்கையை உதைத்துக்கொண்டே வந்தது, அவளும் ஒவ்வொரு உதைக்கும் "வாங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள் என்று வண்டி மெல்லச் சீரடைந்தது.

டெஸ்டுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினார்கள். திடீரென்று வண்டி தணிந்தது. அண்ணனின் கால் சும்மா கிடந்தது. எதற்காக நின்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. தலையைச் சற்றுத் திருப்பி ஓரப் பார்வையால் பார்த்த பிறகுதான், நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்ததும், பின்னாலேயே ஒரு சிறுமி ஓடி வந்ததும் தெரிந்தது. அண்ணியின் கால் அவருடைய காலை முந்திக்கொண்டுவிட்டது. பின்னாலிருந்து அவளுடைய கழுத்தையும், வேர்த்திருந்த காதோரத்தையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவளை அன்றுதான் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. முன்னால் தங்கை செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் தடுப்புக் கம்பிக்கு வெளியே அண்ணனும் தங்கையும் நின்றார்கள். இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணி காரை எடுத்தாள். மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், வளைவில் பின்னால் வர வேண்டும், கடைசியில் வெள்ளைக் கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். அண்ணனின் கறை படிந்த பார்வையில் கார் மறைந்து மறைந்து தெரிந்தது. அதனால் அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டு அதை இழுத்துக்கொள்ளப் போனார்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த காலைப் பார்த்தார். தங்கையின் செருப்பு நுனி சரளைக் கற்களுக்குள் புதைந்திருந்தது. கார் மேட்டில் முனகும்போது இன்னும் ஆழமாக இறங்கியது. கால் விரல்கள் வெளுத்திருந்தன.

"வாலு, நீயுமா?" என்றார்.

அவள் கார்மீதிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பவும்தாண்ணா. ஒவ்வொருத்தருக்கும்."

"அப்ப வண்டிக்குள்ள அப்படி நிம்மதியா மடக்கி உக்காந்திருப்பியே?"

"நிம்மதியா? கீழ விட்டா அது தானா அமுக்கிடும்ணா. அதனாலதான் அது மேலயே உக்காந்துக்கறேன்."

அண்ணன் தன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நீலத் தலைப் பையன், பால் புட்டிக்காரனின் மனைவி, ஒரே வீட்டு இருவர், சார் எங்கே என்று கேட்ட அப்பாக்கள் என்று அத்தனை பேர் பக்கத்திலும் இவள் தன் பயத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஓட்டுகிறவர்கள் அதை நிம்மதி என்று நம்பியிருக்கிறார்கள். நம்பியதால்தான் ஓட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் அவர் ஓட்டிய பேருந்தில் அவ்வளவு தைரியம் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

கார் இறங்கி வந்தது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், அலுங்காமல் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனார். அண்ணி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், விட்டால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.

உரிமம் வந்த மறுநாள், உறையை உருவிவிட்டுத் தங்கள் சொந்தக் காரில் இருவரும் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். அதில் பிரேக் ஒன்றுதான். அண்ணன் முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டார். தெரு முனை வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒரு முழங்காலைக் கையால் தூக்கி மேலே வைத்தார். இன்னொன்று டாஷ்போர்டில் இடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் எப்படியோ இழுத்து மடக்கினார்.

மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னங்க, மூட்டு வலிக்கலையா?"

"வலிக்குது. நீ ரோட்டைப் பாரு" என்றார்.

பக்கத்துச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பேருந்தோடு ஆயிரம் தடவை போய்வந்த சாலைதான். அதன் ஓரத்தில் மாடி வீடுகளும், மாடிகளில் துணி உலர்த்துகிறவர்களும், ஒரு சன்னலில் பூனையும் இருப்பதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. பின்னால் எவனோ ஹாரனை அமுக்கினான். அண்ணன் திரும்பவில்லை.