‘பொறுத்தேன்’ என்று அவர் எழுதவில்லை

கொரியாவில் கவிஞர் அம்மா காலமான செய்தியை நெளுக்குளத்து யசோதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை, பூசைக்குப் பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். “அக்கா, மனிசி போயிட்டா,” என்றாள். எந்த மனிசி என்று நான் கேட்கவில்லை. அன்று அழுதேன். கோபம் பிறகுதான் வந்தது. காணாமல்போன பிள்ளைகளுக்காக நாங்கள் போராடி இருக்கும் கொட்டகையில் அவரோடு இருந்து பழகிய உங்களுக்கு இதை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர்கள் நாடான கொரியாவில் படையினர் ஆட்சி செய்த காலத்தில் அவருடைய தம்பியை ஓர் அதிகாரி வீட்டிலிருந்து கொண்டுபோனார். தம்பி திரும்பவில்லை. அதிகாரி ஓய்வுபெற்று ஒரு தெருவில் குடியேறியபோது அம்மா எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்தார். யன்னலோரம் மேசை போட்டு, அங்கே இருந்தே கவிதை எழுதினார். அந்த மனிதர் வீடு மாறினார், அம்மாவும் மாறினார். அவருடைய புத்தகங்கள் எல்லாம் இப்படி ஒவ்வொரு யன்னலில் எழுதப்பட்டவை. கல்லெறிந்ததில்லை, ஒரு வசவு சொன்னதில்லை. “அவர் திரைச்சீலையை விலக்கிற நேரம் நான் அங்கை இருக்கவேணும். அதுதான் என்ரை தொழில்,” என்றார்.

பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு இருக்கவேண்டும் என்றுதான் எங்களிடம் வந்தார். கொரியாவில் தொழிற்சாலையில் வேலை செய்த யசோ அவருடைய பேச்சைத் தமிழில் சொல்லுவாள். ஒருநாள் என்னிடம், அம்மனிடம் என்ன கேட்டுக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

“என்ரை மகனைக் காட்டிக்குடுத்தவனுக்குக் கண் தெரியாமல் போகவேணும் எண்டு.”

யசோ தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னாள். அம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். யசோ மொழிபெயர்த்தாள்: “ஐயோ, கேட்டுப்போடாதேங்கோ! கண் நல்லாத் தெரியட்டும். இல்லாட்டி அவர் உங்களை எப்பிடிப் பாக்கிறது?”

கொட்டகை முழுதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். என் மகனைப் படையினரிடம் காட்டிக்கொடுத்தவர் இப்போது எங்கள் சந்தியில் கடை வைத்திருக்கிறார். அதற்கடுத்த வெள்ளி தொடங்கி, கோயிலுக்குக் கற்பூரம் அவருடைய கடையில்தான் வாங்குகிறேன். வேறு கதை இல்லை. அவர் குனிந்தபடி சுற்றித் தருவார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கொரியாவின் அந்த அதிகாரி வயதுபோன காலத்தில் ஆள் அனுப்பி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அம்மாவின் கடைசிக் கவிதை அதற்கு மறுமொழி. யசோ அதை எங்களுக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: “நீ கேட்டாய். நான் பொறு எண்டனான்.” எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குசினியில் கறி கொதிக்கும்போது படலையில் நின்று கூப்பிடுகிறவருக்கு நாங்கள் சொல்கிற அதே பொறு. நில்லும், என் வேலை இன்னும் முடியவில்லை.

கிளிநொச்சியில் அஞ்சலிக் கூட்டம் ஒழுங்குசெய்த ஐயா நல்ல மனிதர். ஆனால் ‘என்றேன்’ என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘எண்டனான்’ அவருக்குப் பேச்சுத் தமிழ். அதை வெட்டி, நல்ல தமிழில், அம்மாவின் படத்துக்குக் கீழே அச்சடித்தார்: “நீ கேட்டாய். நான் பொறுத்தேன்.” அந்தச் சுவரொட்டி எங்கள் சந்திக்கும் வந்தது. அந்தக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

நான் போனபோது கடைக்காரர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். சிரித்தார். “பெரிய மனசக்கா அவவுக்கு. நீங்களும் அவவோடை இருந்தனீங்கள்தானே,” என்றார். கற்பூரத்தை வாங்காமல் திரும்பி வந்தேன்.

ஐயாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“ஆர் ஐயா பொறுத்தது?”

“ஏன் பிள்ளை, நல்ல வசனம்தானே? பிழை பொறுக்கச் சொல்லித்தானே நாங்களும் கோயிலிலை கும்பிடுறம்?”

“அது நான் அம்மனிட்டைக் கேக்கிறது. என்னட்டை ஒருத்தன் கேட்டால் அது வேறை.”

“மனிசியே இப்ப இல்லை. ஒரு சொல்லாலை என்ன வரப்போகுது?”

“வந்திட்டுதையா. அவன் சிரிச்சவன்.”

பிறகு அவரே, அஞ்சலி மலரில் ஒரு பக்கம் தருகிறேன், நீரே எழுதும் என்றார். எழுதுகிறேன். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதினால் முழுக் கணக்கும் பொய். ஒரு பெண் ஆயுள் முழுதும் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்ததை, கண்மூடிய பிறகு அவர் விரலைப் பிரித்து எடுத்துக் கொடுத்துவிட்டோம். அதுவும் யாருக்கு?

இந்த வெள்ளி கரித்துண்டோடு போனேன். சுவரொட்டியில் ‘பொறுத்தேன்’ என்பதை அடித்து, மேலே ‘பொறு என்றேன்’ என்று பெரிதாக எழுதினேன். கடைக்காரர் வெளியே வந்து வாசித்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“அப்ப அக்கா... நான் செய்ததை நீங்கள் மன்னிக்கவே மாட்டியளோ?”

நான் செய்தது என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. சந்தியில் நின்றவர்களும் கேட்டார்கள்.

“பொறும்,” என்றேன். “முதலிலை கற்பூரத்தைச் சுத்தும்.”

கவிஞர் அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அவசரமில்லாமை. கோயிலில் இப்போது என் மகனுக்கு அடுத்து அந்தக் கடைக்காரருடைய பெயரில்தான் அர்ச்சனை செய்விக்கிறேன். நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, அவர் அந்தக் கடையிலேயே இருக்கவேண்டும்.