தொட்டியம் வழியா, கரூர் வழியா

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போவதாக இருந்தோம். கார் அண்ணனுடையது, ஓட்டப்போவது நான். நாலு டயருக்கும் வைக்க அம்மா நாலு எலுமிச்சம்பழம் வாங்கி மேஜையில் வைத்திருந்தாள். எந்த வழியாகப் போவது என்பதுதான் பாக்கி.

"தொட்டியம் வழியா போலாம்" என்றேன்.

"வாழைத்தார் லாரி பின்னாடியே ஊர்ந்துக்கிட்டு போகவா? கரூர் வழிதான்" என்றான் அண்ணன்.

கோடை லீவில் கரூர் ரோடு நகராது என்று போன் மேப்பில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடுகளைக் காட்டினேன். போனைத் தட்டிவிட்டான். கண்ணாடி நொறுங்கியது.

"டிரைவருக்கு வாய் எதுக்குடா?"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மேஜையிலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். மேஜை சாய்ந்தது, பழங்கள் உருண்டோடின, பிள்ளைகள் அலறினார்கள்.

பத்து நிமிஷத்தில் அதே காரில் நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அம்மா பின் சீட்டில். காவிரிப் பாலத்தில் ஒரு வண்டியும் அசையவில்லை. துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் வராதேன்னு கிளம்பும்போதே சொன்னேன்ல" என்று அண்ணன் பல்லைக் கடித்தான். நான் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

நாலு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"டயருக்குன்னு வாங்கினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அந்தப் பழத்தை உங்க ரெண்டு பேரு காலுக்கு அடியிலதான் வெச்சிருக்கணும்!"